முதல் முகாமுக்கு முன்னர்

(நம் மஹல்லாவிலிருந்து இவ்வாண்டு பள்ளிகளில் சாரணர் இயக்கத்தின் குருளையராகவும் நீலப் பறவையராகவும் சேர்ந்துள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக, மதரஸா மண்டபத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



 

சாரணர் இயக்கத்தைப் பற்றிப் பேச இமாம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் சாரணனாக இருந்தவனல்லன். மதரஸாவில் ஓதிய காலத்தில் அந்தச் சீருடையைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. இரண்டாண்டுகளாக ஒரு குருளையின் தகப்பன் என்பதே என் தகுதி. அதற்கும் மேலாக, இது தொடர்பில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூற என் மனம் ஒப்பவில்லை.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இமாமத் பொறுப்பேற்ற புதிதில், வேறொரு மஹல்லாவில் இருந்தேன். ஒரு நாள் இஷா முடிந்து எல்லோரும் கலைந்த பின் தையற்கடை வைத்திருந்த சகோதரர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள். "பையன் ஸ்கவுட்டுல சேர்ந்திருக்கானுங்க ஹஜ்ரத். மூணு நாள் முகாமுங்க. எல்லா மதத்துப் பிரார்த்தனையும் நடக்குமாம். அனுப்பலாங்களா?" என்றார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஐயத்திற்குரியதைத் தவிர்ப்பதே பேணுதல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பையன் நின்றுவிட்டான்.

அண்மையில் அந்தப் பையனைச் சந்தித்தேன். இன்று கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்தும் இளைஞர். பேச்சுவாக்கில் அந்த முகாமைப் பற்றிய நினைவு வந்தது. குறையேதும் சொல்லவில்லை. "அந்த ஸ்கார்ஃப மட்டும் திருப்பிக் குடுக்கலீங்க ஹஜ்ரத். அம்மா பெட்டியில வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகாமில் என்ன நடக்கும் என்று அந்தப் பள்ளி ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டறிந்திருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும். பேணுதல் என்று அன்று நான் பெயரிட்டது என் அறியாமையையே.

நம் பிள்ளைகள் இவ்வியக்கத்தில் சேருவதில் பின்தங்கவில்லை. நான் பார்த்த வரையில், சேர்ந்த சில மாதங்களில், முதல் முகாம் அறிவிக்கப்பட்டதும், காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அவ்வாறு நிற்பவர்களில் பெண்பிள்ளைகளே மிகுதி. ஆகவே, முகாம் அறிவிப்பு வருவதற்கு முன்பே இக்கூட்டத்தைக் கூட்டும்படி நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொண்டேன்.

இவ்வியக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேடன் பவல் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் 1907-இல் பிரவுன்சீ என்னும் தீவில் சிறுவர்களைக் கூட்டிச் சென்று நடத்திய முகாமே இதன் தொடக்கம். இந்தியாவுக்கு 1909-இல் பெங்களூர் வழியாக வந்தது. அப்போது ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே அதில் இடம். இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால்தான் 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் என்பவரின் துணையுடன் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு போன்றோர் வேறொரு சங்கத்தை நடத்தினர். இவ்வாறு பிரிந்து கிடந்த சங்கங்கள் நாடு விடுதலை பெற்ற பின் ஒன்றிணைந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண இயக்கமாக உருவெடுத்தன; அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர். அந்த இணைப்புக்குப் பாடுபட்டவர்களுள் அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களும் ஒருவர். 'இது நமக்குரியதா?' என்று கேட்கும் சகோதரர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உலகிலேயே மிக அதிகமான சாரணர்களைக் கொண்ட நாடு இந்தோனேசியா. அங்கே 1961-இல் அமைக்கப்பட்ட பிரமுகா என்னும் இயக்கத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் உள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மினாவில் கூடாரம் தெரியாமல் அலைந்தபோது, கழுத்தில் குட்டை கட்டிய இளைஞர்கள் வரைபடத்துடன் வந்து வழி காட்டினார்களா இல்லையா? அவர்கள் சவூதி அரேபியச் சாரணர்கள். வழிதவறிய ஹாஜிகளைக் கூடாரம் சேர்ப்பது அவர்களது நெடுநாள் பணி.

நம் பிள்ளைகள் இப்போது சேர்ந்திருப்பது முதற்படி. 5 வயது முதல் 10 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் குருளையர், பெண்பிள்ளைகள் நீலப் பறவையர். குருளை என்பது விலங்கின் குட்டியைக் குறிக்கும் பழஞ்சொல்; தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு. நீலப் பறவையர் என்பது, அப்பிரிவுக்கு இந்தியாவில் முன்பிருந்த ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம். அப்பெயர் பின்னர் புல்புல் என்று மாறிவிட்ட போதிலும் தமிழில் பழைய பெயரே தங்கிவிட்டது. 10 வயதுக்குப் பின் சாரணர், சாரணியர். அதற்கும் மேலே திரிசாரணர், திரிசாரணியர். இது ராணுவப் பயிற்சியன்று, என்.சி.சி.யும் இதுவும் வேறு வேறு. துப்பாக்கியும் இல்லை, பட்டாளத்தில் சேரும் கட்டாயமும் இல்லை.

ஒரு தாயார் என் மனைவியிடம், "ஓநாய் மாதிரி ஊளையிடச் சொல்லித் தராங்களாமே" என்று கவலையோடு கேட்டாராம். உண்மைதான். 1916-இல் குருளையர் பிரிவைத் தொடங்கியபோது, கிப்ளிங் எழுதிய காட்டுக் கதையை அடிப்படையாகக் கொண்டார்கள். மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டில் நடப்பதாக எழுதப்பட்ட கதை அது. ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் அகேலா. பிள்ளைகள் வட்டமாகக் குந்தி அமர்ந்து ஓர் ஊளையிட்டு எழுவார்கள். என் மகன் இதை வீட்டில் செய்துகாட்டியபோது பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்கு மேல் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவனமாகப் பேச வேண்டியவற்றுக்கு வருகிறேன். சில வாரப் பயிற்சிக்குப் பின் பிள்ளைகள் உறுதிமொழி ஏற்பார்கள். கடவுளுக்கும் நாட்டுக்கும் தன் கடமையைச் செய்ய இயன்றவரை முயல்வது, பெரியோரை மதித்துத் தூய்மையும் பணிவும் பேணும் குருளையர் விதியைக் கடைப்பிடிப்பது, நாள்தோறும் ஒரு நற்செயல் புரிவது என்பதே அதன் சாரம். கடவுள் என்று அங்கே சொல்லும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் நம்பிக்கையின்படி தன் இறைவனையே எண்ணிச் சொல்கிறது. இதில் நமக்கு எந்த முரண்பாடும் இல்லை.

முகாம்களில் சர்வமதப் பிரார்த்தனை நடைபெறும். அன்று அந்தத் தையற்கடைச் சகோதரர் கேட்டது இதைத்தான். இன்று கேட்டால் நான் சொல்லும் விடை இது: பிறர் தம் வழிபாட்டைச் செய்யும்போது நம் பிள்ளை அமைதியாக, மரியாதையாக நிற்கட்டும். வாயசைத்துப் பாட வேண்டியதில்லை. கேலியான பார்வையும் கூடாது. தன் முறை வரும்போது தான் மனனமிட்ட சூராவைத் தெளிவாக ஓதட்டும். சேர்ந்த முதல் வாரமே பொறுப்பாசிரியரிடம் சென்று, "ஐயா, எங்கள் பிள்ளை இன்னின்னதில் கலந்துகொள்வான், இன்னின்னதில் அமைதியாக நிற்பான்" என்று முகமலர்ச்சியோடு சொல்லிவிடுங்கள். மதவழிபாட்டில் பங்கேற்கும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது நம் அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவின் கருத்து. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அன்பாகச் சொல்லும் ஒரு சொல் போதுமானதாக இருப்பதையே நான் கண்டிருக்கிறேன். என் மகனின் ஆசிரியை கோவிலுக்குத் தவறாமல் செல்பவர். வெளியூர் செல்லும் நாட்களில் லுஹர் நேரத்தை அவரே என் மகனுக்கு நினைவூட்டுகிறார்.

இடக்கையால் கைகுலுக்குகிறார்களே என்றும் கேட்டார்கள். ஆப்பிரிக்க வீரர்கள் கேடயம் பிடிக்கும் இடக்கையை வெறுங்கையாக்கி நீட்டுவதை நம்பிக்கையின் அடையாளமாகக் கருதினார்கள், அதிலிருந்து இவ்வழக்கம் வந்தது என்று சொல்லப்படுகிறது. அது அவர்களுக்குள் ஓர் அடையாளக் குறி, அவ்வளவே. உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான் என்பதைப் பிள்ளை வீட்டில் கற்றுக்கொள்ளட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அறிவு குழந்தைகளுக்கு நிறையவே உண்டு. நமக்குத்தான் குழப்பம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. நீலப் பறவையர், சாரணியர் பிரிவுகளுக்குப் பெண் பொறுப்பாளர்களே தலைமை ஏற்கிறார்கள். சாரணியர் சீருடையில் சல்வார் கமீஸும் துப்பட்டாவும் உண்டு. தலைமறைப்பைப் பற்றி முதல் வாரமே ஆசிரியையிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு முந்தைய நாள் அதைக் கிளப்பினால் பிள்ளைதான் கண்ணீர் விடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடத்தி, அங்கே மாணவியர் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. அம்முகாமுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. ஆகவே கேளுங்கள். இந்தக் குழு பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பதிவுபெற்றதா? பொறுப்பாளர் இயக்கத்தின் பயிற்சியை முடித்தவரா? முகாமுக்கு மாவட்ட அமைப்பின் அனுமதி உண்டா? இரவில் பிள்ளைகளுடன் தங்குவோர் யார் யார்? பெண்பிள்ளைகளுக்குத் தனி இடமும் பெண் பொறுப்பாளர்களும் உண்டா? அவசரத்திற்கு அழைக்க வேண்டிய எண் எது? இவற்றைக் கேட்பது அவநம்பிக்கையன்று. கேள்வி கேட்கும் பெற்றோரை நல்ல பொறுப்பாளர் விரும்பவே செய்வார். கேட்டால் சினம் கொள்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, இரவில் படுக்கை நனைக்கும் பழக்கம் போன்றவற்றை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். யாராவது எங்கேயாவது தொட்டால், மிரட்டினால், ரகசியம் என்று சொன்னால், உடனே அம்மாவிடமோ அத்தாவிடமோ சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். குருளையர் பருவத்தில் பெரும்பாலும் பகல்நேரக் கூடுகைகளே இருக்கும். சிங்காநல்லூர்க் குளத்தில் பறவை பார்ப்பது, வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் அருங்காட்சியகத்துக்குச் செல்வது, இப்படி. முடிந்தால் அந்நாட்களில் உதவிக்கு நீங்களும் ஒரு முறை உடன் செல்லுங்கள்.

அங்கே சென்று என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலிருப்பது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று.

என் மகனுக்கு ரீஃப் முடிச்சு என்று ஒன்றைக் கற்றுவரச் சொல்லியிருந்தார்கள். இரவு ஒன்பது மணி வரை வரவில்லை. பிள்ளை தூங்கி வழிகிறான். நானே கயிற்றை வாங்கி முடிந்து பையில் வைத்துவிட்டேன். மறுநாள் மாலை வந்தவன், "அத்தா, எல்லாரு முன்னாடியும் அவிழ்த்துட்டுத் திரும்பப் போடச் சொன்னாங்க, எனக்கு வரல. நீங்க போட்டதும் தப்பாம். அது நழுவுற முடிச்சாம்" என்றான். வலப்பக்க நுனியை இடப்பக்கத்தின் மேலிட்டுச் சுற்ற வேண்டும். அடுத்து இடப்பக்க நுனியை வலப்பக்கத்தின் மேலிட்டுச் சுற்ற வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் இழுத்தவுடன் நழுவிவிடும். நான் செய்தது அதுதான். காயத்துக்குக் கட்டுப் போடவும் முக்கோணத் துணியைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கை தாங்கவும் ரீஃப் முடிச்சைப் பயன்படுத்துவார்கள். தட்டையாகப் படிந்திருப்பதால் உடம்பை உறுத்தாது. நழுவினால் கட்டும் போயிற்று. எட்டு வயதுப் பையன் எனக்கு இதை விளக்கியபோது நான் தரையில் அமர்ந்து அவனிடம் பாடம் கேட்டேன். அவனுக்கு அன்று இருந்த பெருமையை நான் கையில் கயிற்றை வைத்துக்கொண்டு கெடுத்திருப்பேனே என்று இன்றும் எண்ணுகிறேன்.

நாள்தோறும் ஒரு நற்செயல் என்பதும் அப்படியே. முதல் வாரத்தில் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகும்போது, "இன்னிக்கு ஒண்ணும் செய்யலையே" என்று பதறி, பள்ளிவாசல் வாயிலில் கிடக்கும் காலணிகளை வரிசைப்படுத்த ஓடுவான். நாமே ஒரு நற்செயலைக் கண்டுபிடித்துக் கொடுத்து, அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், பிள்ளை படத்துக்காகவே செய்யப் பழகிவிடும். தயவுசெய்து அந்தக் கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

உதவ விரும்பும் பெரியவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. சாரணர்கள் ஷீட் பெண்ட் என்று ஒரு முடிச்சைக் கற்கிறார்கள், பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைப்பதற்கு. நம் ஜமாஅத்தில் பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் பல்லாண்டுகள் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இது அறுந்த நூலை நாங்க முடியற முடிச்சுங்க. இதுக்கா புஸ்தகம்?" என்று என் சட்டைப் பொத்தானிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுக் காட்டினார். பொத்தான் போயிற்று, ஆனால் அவர் சொன்னது சரி. நெசவாளர் முடிச்சும் அதுவும் ஒன்றே. 1888-இல் முதல் ஆலை வந்த நாளிலிருந்து நூலையே நம்பி வாழ்ந்த ஊர் நம்முடையது. இந்தக் கைகளைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

நிர்வாகக் கூட்டத்தில் ஒரு சகோதரர், பள்ளிக்கூடக் குழுவில் ஏன் சேர்க்க வேண்டும், நம் பள்ளிவாசல் சார்பில் நம் பிள்ளைகளுக்கு மட்டும் தனிக் குழு அமைக்கலாமே என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னார். அமைக்க விதிமுறையில் தடையும் இல்லை. ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் இந்நகரில் நடந்த கலவரமும் குண்டுவெடிப்புகளும் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நான் ஓதிக்கொண்டிருந்த மாணவன். அதற்குப் பின் தெருக்கள் தனித்தனியாகிவிட்டன. வேற்றுச் சமூகத்தார் வீட்டுக்குள் ஒரு முறைகூடப் போகாமலேயே வளர்ந்து ஆளான இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பக்கமும் அப்படியே. ஒரு குருளையர் அறுவர் குழுவில் ஆறு பிள்ளைகள். என் மகனுடைய குழுவில் அவனைத் தவிர ஐவரும் வேற்றுச் சமூகத்தார். பெருநாளன்று அந்த ஐவரும் எங்கள் வீட்டுக்கு வந்து, முதலில் வாசலில் வரிசையாக நின்று வணக்கம் வைத்துவிட்டுப் பிறகு பிரியாணிக்கு அமர்ந்தார்கள். அவர்களை அழைத்துவந்த தாயார்களில் ஒருவர் என் மனைவியிடம், இந்தத் தெருவுக்குள் இதுவே தமக்கு முதல் முறை என்றார். இருபது ஆண்டுகளாக இங்கிருந்து அரை மைல் தொலைவில் குடியிருப்பவர் அவர். தனிக் குழு அமைத்தால் இந்தப் பிள்ளைகள் நம் வீட்டுக்கு எப்படி வருவார்கள்?

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைர விழாப் பெருந்திரளணிக்கு நாடெங்கிலுமிருந்து பல்லாயிரம் சாரண சாரணியர் வந்து ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினார்கள். அடுத்து இப்படி ஒன்று கூடும்போது நம் மஹல்லாப் பிள்ளை ஒன்றாவது அதில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் மகிழ்வேன்.

இனி, நடைமுறை. சனிக்கிழமைப் பயிற்சியும் மக்தப் வகுப்பும் ஒரே நேரத்தில் வருவதால் சில பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருந்தார்கள். மக்தபை விடச் சொல்லும் இமாம் நானல்லன். நிர்வாகத்தின் இசைவோடு, குருளையர், நீலப் பறவையர் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பாடம் மட்டும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் மாற்றப்பட்டிருக்கிறது. அதிகாலையில் எழுப்பிவிடுவது உங்கள் பொறுப்பு. சீருடை வாங்கச் சிரமப்படுவோர் என்னிடமோ செயலாளரிடமோ தனியாகச் சொன்னால் போதும். பெயர் வெளியே வராது. மூத்த பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன சீருடைகள் இருந்தால் துவைத்து மதரஸாவில் கொடுங்கள். முகாம் தாள் வந்ததும், மறுப்பதற்கு முன் அதை என்னிடம் ஒரு முறை கொண்டுவாருங்கள். இம்முறை ஆசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே விடை சொல்வேன்.

அந்தப் பஞ்சாலைப் பெரியவர் வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா திண்ணையில் அமர்ந்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு மீட்டர் கயிறு வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். பருத்திக் கயிறாக இருக்கட்டும், நைலான் வழுக்கும்.